நம்பி வந்த ஜீவன்

பைரவரின் வாகனமான நாய்க்கு ஒரு பிடி சோறு போட்டாலே புண்ணியம் என்கிறோம். நம்மை நம்பிப் பின்னால் வருவதை எதுவரை காக்க வேண்டும், தோழிகளே?

மகாபாரதத்தின் 17-வது பர்வம் மகாபிரஸ்தானிக பர்வம். இமயம் ஏறிய தருமரைக் கடைசிவரை ஒரு நாய் தொடர்ந்தது. அதை விட்டுவிட்டுத் தேரில் ஏறச் சொன்னான் இந்திரன். அடைக்கலம் வந்ததைக் கைவிட்டுப் பெறும் சொர்க்கமே வேண்டாம் என்றார் தருமர். தர்மதேவதையே நாயாக வந்திருந்தது!

இமயத்தின் லடாக், ஸ்பிதி பகுதிகளில் இன்றும் ஓநாய்கள் உண்டு. மலையேறுபவரோடு வரும் நாயை, தன் எல்லைக்குள் புகுந்த எதிரியாக ஓநாய் நினைக்கும். நாயைக் கயிற்றில் பிடித்து, ஓடாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். ஓநாய் மீதும் பாவமில்லை. தன் வீட்டைத்தானே காக்கிறது!

மாதவரத்தில் ஓநாய் இல்லை; லாரிகள் உண்டு. கோயிலுக்குப் போகும்போது பின்னால் வரும் நாயைச் சாலை கடத்திவிடுங்கள். அதுவும் தருமரின் வழிதான்!