பாட்டின் பலனும் பாட்டின் கடனும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருக்கடல்மல்லையில் தலசயனத்துறைவாரை மாலையில் ஸேவித்து, மறுநாள் இருள் பிரியுமுன் திருவஹீந்திரபுரம் நோக்கிப் புறப்பட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து அனுமந்தை சேரும் வழியில் வண்டியைச் சற்று நிறுத்தினோம். அதுவரை அலைபேசியில் திருவாய்மொழி சேவாகாலம் ஒலித்துக்கொண்டு வந்தது. நம்மில் ஒருவர் புதிதாக வாங்கியது அது. பழையதும் நன்றாகவே இருந்தது. ஆயினும், "கோஷ்டியில் கடைசி வரிசைக் குரலும் இதில் தெளிவாகக் கேட்கிறது" என்றார். நாமும் அதை மெச்சினோம். இறங்கி நின்றபோதுதான் ஆளில்லாத வண்டிக்குள் பாசுரம் தானே ஓடிக்கொண்டிருப்பது செவியில் பட்டது. எதிரே பாத்திகளில் ஆணும் பெண்ணுமாகச் சிலர் வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தனர்.

கேட்பார் இல்லாமல் ஒலிக்கும் பாசுரம் யாருடைய அநுஸந்தானம்? அதை ஒலிக்கச் செய்யும் கருவிக்காக உழைத்தவர்களுக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? இவ்விரண்டு வினாக்களும் அன்று முதல் நம்மை விடவில்லை.

கருவியை நாம் பழிக்கவில்லை. நாதமுனிகள் மறைந்துபோன அருளிச்செயலை மீட்டு, இசை வகுத்து, மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்திராவிடில் நமக்கு இன்று பாடப் பாசுரமே இல்லை. நோயால் படுத்திருப்பவருக்கும், கோயில் இல்லாத தொலைநாட்டில் வாழ்பவருக்கும் ஒலிப்பதிவு செய்யும் உபகாரம் பெரிது. கேள்வி அதைப் பற்றியதன்று. பகவத் விஷயத்துக்காக வாங்குகிறோம் என்பதாலேயே ஒரு பொருளைப் பற்றிய பொறுப்பு நம்மை விட்டு நீங்கிவிடுமா என்பதே கேள்வி.

இந்தக் கடற்கரைக்கு இசை புதிதன்று. சிறுபாணாற்றுப்படையில் சீறியாழ் ஏந்திய பாணன் நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டை நோக்கிச் செல்லும் வழியில் எயிற்பட்டினம் வருகிறது. அதை இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கொள்வர். அப்பாணனின் இசைக்கு ஆன உழைப்பு கண்ணுக்குத் தெரிந்தது: அவன் விரல், அவன் குரல், அவன் நடந்த வழி. நம் கையிலுள்ள கருவியில் அந்த உழைப்பு மறைந்திருக்கிறது. அதன் மின்கலத்துக்கு வேண்டிய லித்தியத்தின் ஒரு பகுதி சிலி நாட்டின் அட்டகாமா பாலைநிலத்திலிருந்து வருகிறது. நிலத்தடி உவர்நீரை இறைத்து, அகன்ற பாத்திகளில் ஓராண்டுக்கும் மேலாக வெயிலில் வற்றவைத்து அதை எடுக்கிறார்கள். அனுமந்தை வழியில் நாம் கண்ட தொழிலின் சாயலே அங்கும். நீரருமை மிக்க அந்நிலத்தின் பழங்குடியினர் தங்கள் நீர் குறைவதாக முறையிட்டு வருகின்றனர். உலகக் கோபால்ட்டில் பாதிக்குமேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டப்படுகிறது. அங்குள்ள சில சுரங்கங்களில் சிறுவர்கள் உழைப்பதை ஆம்னஸ்டி அமைப்பு 2016இல் வெளிப்படுத்தியது. பயன் தீர்ந்தபின் நிலைமை என்ன? 2022இல் உலகில் குவிந்த மின்னணுக் கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் கால்பங்குக்கும் குறைவு.

"இவற்றை நாமா செய்தோம்?" என்று கேட்கலாம். உண்பதற்காக வாங்குவோர் இல்லையெனில் விலைக்கு விற்போரும் இரார் என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் காட்டிய நியாயம் இங்கும் பொருந்தும். எல்லாப் பாவமும் நம் தலையில் என்பதன்று. நம் விருப்பத்தின் அளவுக்கு நம் பங்கும் உண்டு.

இவ்விடத்தில் நம்பாடுவானை நினைக்க வேண்டும். ஸ்ரீவராஹ நாயனார் பூமிப்பிராட்டிக்கு அருளிய கைசிக மாஹாத்மியம், பராசர பட்டர் வியாக்கியானம் அருளிய பெருமையுடையது. பாணர் குலத்தவராகச் சொல்லப்படும் நம்பாடுவான் திருக்குறுங்குடி நம்பியைப் பாடச் செல்லும் இரவில் பிரம்மராக்ஷஸனிடம் அகப்பட்டார். பாடிவிட்டு உனக்கு உணவாகத் திரும்பி வருகிறேன் என்று சபதம் செய்து போனார். பாடி முடித்தபின் அவருக்கு எளிதான ஒரு சமாதானம் இருந்தது: "எம்பெருமானைப் பாட வேண்டிய உடம்பு இது; இதைக் காப்பதே கைங்கர்யம்." வழியில் எதிர்ப்பட்ட முதியவர் தப்பிப் போகச் சொல்லியும் அவர் இசையவில்லை. உண்பதற்காகக் காத்திருந்தவனுக்குக் கொடுத்த வாக்கையும் காத்தார். பாட்டைக் காட்டிக் கடனைத் தள்ளவில்லை. பாடியவர் என்பதாலேயே கடனைச் செலுத்த வந்தார். முடிவில் கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பலனை அந்த ராக்ஷஸனுக்கே ஈந்து அவனைக் கரையேற்றினார். அவனோ முற்பிறவியில் யாகத்தைக் குறைபட நடத்தி அந்நிலை எய்தியவன். வேள்வி செய்தேன் என்பது அவனைக் காக்கவில்லை.

நம்பாடுவான் பலனைப் பிறருக்குக் கொடுத்து, பாரத்தைத் தாம் சுமந்தார். நாமோ பாட்டின் பலனை எடுத்துக்கொண்டு, பாரத்தை முகமறியாதவர் தோளில் வைக்கிறோம். பிறர் துயர் கண்டு "ஐயோ" என்று இரங்குவதே வைஷ்ணவனுக்கு அடையாளம் என்று பெரியோர் கூறுவர். காணாத துயருக்கு அந்த இரக்கம் பொருந்தாது என்று அவர்கள் விலக்கு வைத்ததாக நாம் அறியோம்.

செய்யத்தக்கது அரிதன்று. இருக்கும் கருவியை அது உழைக்கும்வரை வைத்துக்கொள்வது. பழுதானால் முதலில் பழுதுபார்ப்பது. முடிந்தபின் குப்பையில் எறியாமல் முறையான மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது. எல்லாவற்றினும் மேலாக, ஒலிப்பதிவை ஸந்தையாகக் கொள்வது: அது ஓர் அடி சொன்னால் நாம் இருமுறை சொல்வது. அவ்வாறு கற்ற பாசுரத்துக்கு மின்கலம் வேண்டா.

அன்று வண்டியில் ஏறியதும் புதிய அலைபேசிக்கு உரியவர் தாமே அதை நிறுத்தினார். "விட்ட இடத்திலிருந்து நாமே சொல்லலாமா?" என்றார். இரண்டு இடங்களில் தடுமாறினோம். ஆயினும் திருவஹீந்திரபுரம் சேருமுன் அந்தப் பத்தைச் சொல்லி முடித்தோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.