நேர்மையும் முதுகெலும்பும்

தமிழில் நல்லொழுக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பல, வளையாத ஒரு பொருளை நம் கண்முன் நிறுத்துவன. நேர் என்பதிலிருந்து நேர்மை பிறந்தது. நல்லாட்சி செங்கோல், தீய ஆட்சி கொடுங்கோல், அதாவது வளைந்த கோல். ஒருவனுடைய எண்ணம் நமக்குப் பிடிக்கவில்லையெனில் 'கோணல் புத்தி' என்கிறோம். அஞ்சி ஒடுங்குகிறவனை 'முதுகெலும்பு இல்லாதவன்' என்கிறோம். இவை உவமைகள்தாம். ஆயினும் உவமைகள் உவமைகளாகவே நின்றுவிடுவதில்லை. பதின்மூன்று வயதில் பக்கவாட்டில் வளையத் தொடங்கிய முதுகெலும்போடு வளரும் ஒரு பெண், இச்சொற்களைக் கேட்டுக்கொண்டேதான் வளர்கிறாள். 'கூனாதே, நிமிர்ந்து நில்' என்று வீட்டிலும் பள்ளியிலும் நாள்தோறும் சொல்லும்போது, அது உடலுக்குச் சொல்லப்படும் அறிவுரையா, குணத்துக்கு விழும் கண்டனமா என்று அவளால் பிரித்தறிய இயலுவதில்லை.

ஒருவரின் முதுகைக் கண்டு அவரை மதிப்பிட நமக்கு உரிமை உண்டா? முதுகு வலிக்கிறது என்று ஓர் இளைஞன் சொல்லும்போது அதை நம்புவதற்கு, நாம் எதையேனும் கண்ணால் கண்டாக வேண்டுமா? இரண்டும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினும் இவற்றின் வேர் ஒன்றே எனக் கருதுகிறேன்.

முதலில் ஓர் உடற்கூற்று உண்மை. நலமான முதுகெலும்பு நேரானதன்று. பின்னாலிருந்து நோக்கினால் நேர்கோடு போலத் தெரியும். பக்கத்திலிருந்து நோக்கினால் கழுத்தில் முன்னோக்கியும் மார்பில் பின்னோக்கியும் இடுப்பில் மீண்டும் முன்னோக்கியும் வளைந்திருக்கும். பிறந்த குழந்தையின் முதுகு ஏறக்குறைய ஒரே வில். அது தலையை நிமிர்த்தக் கற்கையில் கழுத்து வளைவும், எழுந்து நடக்கக் கற்கையில் இடுப்பு வளைவும் தெளிவாக உருப்பெறுகின்றன. மனிதன் நிமிர்ந்து நிற்பதே வளைவுகளின் தயவால்தான். நேர்மைக்கு இலக்கணமாக நாம் தேர்ந்துகொண்ட உறுப்பு, பார்த்துத் தேர்ந்த உறுப்பு அன்று.

மந்தரை என்ற பெயரை மறந்தவர்களும் கூனியை மறப்பதில்லை. அவளுடைய சூழ்ச்சியும் அவளுடைய முதுகும் ஒன்றென நம் மனத்தில் பதிந்துவிட்டன. ஊரில் கோள் சொல்லும் பெண்ணுக்கு, அவள் முதுகு எவ்வளவு நிமிர்ந்திருந்தாலும், 'கூனி' என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது. கம்பன் மட்டும் அவளுக்கு ஒரு சிறு நியாயம் செய்திருக்கிறான். முன்னொரு நாள் இராமன் வில்லால் எய்த மண்ணுருண்டை தன்மேல் பட்டதை அவள் உள்ளத்தில் வைத்திருந்ததாகப் பாடுகிறான். எய்தவனுக்கு அது விளையாட்டு, அவன் மறந்திருப்பான். பட்டவள் மறக்கவில்லை. கேலிக்கு உள்ளான உடல் அதை எத்தனை ஆண்டுகள் சேமித்து வைக்கும் என்பதைக் கம்பன் அறிந்திருந்தான். கதை கேட்கும் நாம்தான் அவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறோம்.

காப்பியத்தில் நடந்தது இங்கிலாந்தில் ஓர் உண்மை மனிதனுக்கும் நடந்தது. மூன்றாம் ரிச்சர்டு மன்னன் 1485இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் தன் 32ஆம் வயதில் கொல்லப்பட்டான். அவனை வென்று அரியணை ஏறிய டியூடர் மரபினரின் காலத்தில் எழுந்த வரலாறுகள் அவனைக் கூனனாகவும் கொடியவனாகவும் ஒருசேரத் தீட்டின. பின்னாளில் மறைசாட்சியாக உயிர் நீத்து, 1935இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தாமஸ் மோர் எழுதிய வரலாறும் அவற்றுள் ஒன்று. ரிச்சர்டின் இடது தோள் வலது தோளைவிட மிக உயர்ந்திருந்தது என்றும், ஒரு கை சூம்பியிருந்தது என்றும் அது சொல்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகம் அந்த உருவத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியிலிருந்து அவனுடைய எலும்புக்கூடு அகழ்ந்தெடுக்கப்பட்டது. மரபணுச் சோதனையும் அவனே என உறுதிசெய்தது. எலும்புகளை ஆராய்ந்தவர்களின் முடிவு 2014இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. அவன் கூனன் அல்லன். அவனுடைய முதுகெலும்பு 65 முதல் 85 பாகை வரை வலப்புறமாக வளைந்திருந்தது. அவ்வளைவு பத்து வயதுக்குப் பின், வளரும் பருவத்தில் தோன்றியிருக்க வேண்டும். உயர்ந்திருந்தது வலது தோளேயன்றி இடது தோள் அன்று. கை சூம்பியதற்கும் சான்று இல்லை. நல்ல தையற்காரரும் அளவெடுத்துச் செய்த கவசமும் வாய்த்திருந்தால், உடையணிந்த நிலையில் அந்த வளைவு பிறர் கண்ணில் அதிகம் பட்டிராது என்றும் அவர்கள் கருதினர்.

ரிச்சர்டு நல்லவன் என நிறுவுவது என் நோக்கமன்று. தன் பாதுகாப்பில் இருந்த அண்ணன் மக்கள் இருவர் இலண்டன் கோபுரத்திலிருந்து மறைந்துபோனது குறித்து அவன்மீது விழுந்த ஐயம் இன்னும் நீங்கியபாடில்லை. ஆனால் அந்த ஐயத்தை விசாரிக்க வேண்டிய இடத்தில் முதுகு சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்டது. அதுவும் எந்தத் தோள் உயர்ந்தது என்றுகூடச் சரிபார்க்காமல். தாமஸ் மோர் போன்ற அறிஞரும் அந்தப் பழக்கத்திற்கு வெளியே நிற்க இயலவில்லை. அதைவிட என்னை நெருடுவது வேறொன்று. அத்தகைய முதுகின்மேல் இரும்புக் கவசம் பூட்டிக் குதிரையேறிய அந்த இளைஞனுக்கு வலித்ததா? அவன் குணத்தைப் பற்றி இத்தனை பக்கங்கள் எழுதியவர்களுள் அதைக் கேட்டவரை நான் காணவில்லை.

இந்தப் பக்கவளைவை மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்பர். எக்ஸ்ரே படத்தில் வளைவு 10 பாகை அல்லது அதற்கு மேலிருந்தால் அப்பெயர் பொருந்தும். வளரும் பருவத்தினரில் 100 பேருக்கு 2, 3 பேரிடம் அது காணப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோரிடம் காரணம் இன்னதென்று கண்டறியப்படுவதில்லை. புத்தகப் பை சுமந்ததாலோ சாய்ந்து உட்கார்ந்ததாலோ அது வருவதில்லை. ஆயினும், குற்றம் யாருடையது என்ற தேடல் வீட்டில் உடனே தொடங்கிவிடும்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதாகிறது. வரன் வருகிறது. எக்ஸ்ரே படம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் போகிறது. நிழற்படத்துக்கு எப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும், முந்தானையை எத்தோளில் எப்படி விட வேண்டும் என்றெல்லாம் தாய் கற்பிக்கிறாள். சொல்லாமல் விடுவது பொய்யா? அறநூல் வழியில் விடை எளிது: துணையாகப் போகிறவரிடம் மறைப்பது தவறு. நானும் அதை மறுக்கவில்லை. சொல்லத்தான் வேண்டும், சொல்ல வேண்டியவள் அவள், கேட்க வேண்டியவன் அவளை மணக்கப் போகிறவன். ஆனால் அப்பெற்றோரைப் பொய்யர் என்று தீர்ப்பிடுமுன், உண்மை சொன்ன பெற்றோருக்கு நாம் என்ன கொடுத்தோம் என்பதையும் எண்ண வேண்டாமா? 'குழந்தை பெற முடியுமா?' என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் காப்பித் தம்ளரைக் கீழே வைத்து எழுந்து போனவர்கள் நம்மவர்களே. ஸ்கோலியோசிஸ் உள்ள பெண்களுள் மிகப் பெரும்பாலோர் மற்றவரைப் போலவே கருவுற்றுப் பிள்ளை பெறுகின்றனர் என்பதை எந்த எலும்பு மருத்துவரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பார். மறைப்பதில் உள்ள பெருந்தீங்கு மாப்பிள்ளை வீட்டாருக்கு நேர்வதன்று. தன் முதுகு ஒரு குற்றம் என்று அந்தப் பெண்ணே நம்பத் தொடங்குகிறாள்.

ஓட்டவீரர் உசைன் போல்ட்டுக்கும் இவ்வளைவு உண்டு என்பதைச் சிலர் ஆறுதலாகச் சொல்வர். உண்மைதான், 2009இல் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியவர் அவர். ஆனால் இத்தகைய சாதனைக் கதைகள், எதையும் சாதிக்காமல் பிறரைப்போல் வாழ்ந்தால் போதும் என்றிருப்பவரை இன்னும் களைப்படையச் செய்கின்றன.

இனி மறுபக்கம். முதுகு நேராக இருக்கிறது, ஆனால் வலிக்கிறது. வளைந்த முதுகைக் கண்டு குணத்தை முடிவுசெய்த அதே கண், நேரான முதுகைக் கண்டு வலியே இல்லை என்று முடிவுசெய்கிறது.

இருபத்தைந்து வயது மகன் ஒருவன் இருக்கிறான் என்று கொள்வோம். விடியற்காலையில் அவனால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. முதுகு மரத்துப்போனது போல் இறுகிக் கிடக்கிறது. எட்டு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிறான். மாலையில் நண்பர்களோடு கைப்பந்து ஆடுகிறான். 'வேலைக்குப் போகச் சொன்னால் முதுகு வலி, பந்தாடக் கூப்பிட்டால் வலி இல்லை' என்கிறார் தந்தை. யார் கேட்டாலும் தந்தையின் பக்கமே நியாயம் என்பர். ஆனால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றொரு நோய் உண்டு. முதுகெலும்பின் மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும் இந்நோய், பெரும்பாலும் 45 வயதுக்குள், இளமையிலேயே தொடங்குகிறது. ஓய்வில் அதன் வலி மிகும். பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும். காலையில் உடலை இறுக்கும். உடலை அசைத்து ஆடினால் தணியும். அதாவது, சோம்பலுக்குச் சான்று என்று தந்தை எடுத்துக்காட்டிய அதே நடத்தைதான் நோயின் அடையாளம். வலி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரிய சராசரியாக ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன என்று ஆய்வுகள் கூறுகின்றன. இடையில் சிலருக்கு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விடும். அத்தனை ஆண்டுகளும் அந்த வீட்டில் பேசப்பட்டவை என்னவாக இருக்கும்!

'படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே' எனலாம். படமும் நாம் நினைக்கும் அளவுக்கு நல்ல சாட்சியன்று. 1994இல் 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் 64 விழுக்காட்டினரிடம் இடைத்தட்டில் ஏதேனும் ஒரு குறை தெரிந்தது. குறை தெரிந்தவருக்கு வலி இல்லை. வலிக்கிறவருக்கோ, படத்தில் பல வேளைகளில் ஒன்றும் தெரிவதில்லை. 'டிஸ்க் விலகிவிட்டது' என்ற ஒரு வரி கிடைத்தவன் வீட்டில் நோயாளியாக மதிக்கப்படுகிறான். 'ஒன்றும் இல்லை' என்ற அறிக்கையோடு திரும்புகிறவன் நடிகனாகிவிடுகிறான். இருவரில் யாருக்கு வலி அதிகம் என்பதை எந்தத் தாளும் சொல்வதில்லை.

வலி பற்றிய ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் வலிக்குத் தான் தந்திருந்த இலக்கணத்தைத் திருத்தியது. ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொல்வதை மதிக்க வேண்டும் என்று அதன் விளக்கக் குறிப்புகளுள் ஒன்றில் எழுதி வைத்தது. அறிவியலார் கூடி எழுதிய இலக்கணத்துக்குள் ஓர் அறக்கட்டளை நுழைந்திருப்பதை வியப்போடு நோக்குகிறேன். வேறு வழியில்லை. வலியை அறிய அதை உடையவரின் சொல்லைத் தவிர நமக்கு வேறு வாயில் இல்லை.

பொய் சொல்பவர் இல்லையா? இருக்கின்றனர். ஒரு பொய்யனை நம்பிய முதலாளி ஒருநாள் வேலையை இழக்கிறார். நோயாளியை நம்பாத முதலாளி எதையும் இழப்பதில்லை. இழப்பு முழுவதும் மற்றவனுடையது. ஐயத்தின் விலையை ஐயப்படுபவர் கொடுப்பதில்லை என்பதால்தான் ஐயம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது. அதே வேளையில், வலியை நம்புவது என்பது வலிக்குச் சொல்லப்படும் காரணங்களையெல்லாம் நம்புவதாகாது. 'அசையாதே, குனியாதே, பெல்ட் கட்டிக்கொள்' என்று இளைஞனைக் கட்டிலில் கிடத்துவதும் நன்றன்று. நாட்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைத்து, இடுப்புப் பட்டைகளை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் வழிகாட்டியது. நம்புகிறவர் சொன்னால் அவன் எழுந்து நடப்பான். நம்பாதவர் சொல்லும் அதே அறிவுரை அவன் காதில் குற்றச்சாட்டாகவே விழும்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் 18 ஆண்டுகளாய் நிமிர முடியாதிருந்த பெண் ஒருவரைக் காண்கிறோம். அவர் எதையும் கேட்டதாக அங்கே எழுதப்படவில்லை. இயேசுவே அவரைக் கண்டு அழைக்கிறார். தொழுகைக்கூடத் தலைவரோ, வேலை செய்ய ஆறு நாள்கள் உண்டு, அந்நாள்களில் வந்து நலம் பெறலாமே என்று மக்களிடம் சினந்து பேசுகிறார். அவர் கொடியவராக எனக்குத் தோன்றவில்லை. ஒழுங்கை விரும்பியவர், அவ்வளவே. 18 ஆண்டுகள் பொறுத்தவள் இன்னும் ஒருநாள் பொறுக்கலாகாதா என்று கணக்கிட்டிருப்பார். பிறர் முதுகைப் பொறுத்தவரை நம் கணக்கும் பெரும்பாலும் அதுதான்.

நம் ஊர்த் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பத்து மணி நேரத்துக்கும் மேலாக நின்றே வேலை செய்யும் இளம்பெண்களைக் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு இருபது வயதிருக்கும். மாலைக்குள் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நிற்பார்கள். கண்காணிப்பாளர் பார்க்காதபோது அலமாரியில் முதுகைச் சாய்ப்பார்கள். கேரளத்தில் 2018இல் கொணரப்பட்ட திருத்தத்தை அடுத்து, 2021இல் தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் திருத்தப்பட்டது. ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார இயல வேண்டும் என்கிறது அத்திருத்தம். ஒரு முக்காலிக்காகச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. உட்கார்ந்திருக்கும் ஊழியரைக் கண்டால் வாடிக்கையாளர் மதிப்பாரா என்பதே முதலாளிகளின் அச்சம் என்பர். அந்த வாடிக்கையாளர் நாம்தான். பண்டிகைக்குத் துணியெடுக்கப் போகும் கடையில், முக்காலியில் அமர்ந்திருக்கும் பெண் எழுந்து நிற்காமலே 'என்ன பார்க்கிறீங்க அம்மா?' என்று கேட்டால், நம் முகம் எப்படி மாறுகிறது?