தேடாமல் கிடைத்தால் போதும்

கேரளத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் லயங்களில் வாழ்கின்றன. நீண்ட ஒரே கூரை, இடையிடையே பொதுச்சுவர். பழைய லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் சிறு சமையலறையும் முன்பக்கம் கொஞ்சம் இடமும்தான். தோட்டத் தொழிலாளர்களுக்கு முதலாளி வீடு தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் பிள்ளைகள் வளர்ந்து, மருமகள் வந்து, பேரன் பிறந்தாலும் அந்த அறை வளர்வதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் ஒழுங்கு என்றால் என்ன?

படங்களில் பார்க்கும் வெறிச்சென்ற கூடமும் ஒரே நிறப் பெட்டிகளும் இங்கே உதவா. விடிவதற்குள் சமையலை முடித்து, பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பி, கொழுந்தெடுக்க மலையேறும் பெண்ணுக்கு வேண்டியது, கை நீட்டிய இடத்தில் பொருள் இருப்பதுதான். இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பும் தலைத்துணியும் கதவருகே ஓர் ஆணியில் தொங்கினால் போதும். அருகில் துணி குவிந்து கிடந்தாலும் அந்த ஆணியில் அவை இருக்கின்றனவா என்பதே கேள்வி. தேடாமல் கிடைப்பதே ஒழுங்கின் முதல் அளவு.

அடுத்தது, ஒரே இடம் வேளைக்கு ஒரு வேலை பார்ப்பது. பகலில் பாயும் கம்பளியும் சுருண்டு மூலைக்குப் போனால் அந்தத் தரையில் பிள்ளைகள் படிக்கலாம், விருந்தாளி உட்காரலாம். இரவில் அதுவே படுக்கையறை. ஆகவே வீடு முழுவதும் எந்நேரமும் அடுக்கியிருக்க வேண்டியதில்லை. பாய் விரிக்கும் நேரத்தில் தரை காலியானால் அன்றைய கணக்கு தீர்ந்தது.

மூன்றாவது, பருவம். ஜூனில் தென்மேற்கு மழை பிடித்தால் துணி நாட்கணக்கில் காயாது. அறைக்குள் கொடி கட்டியே ஆக வேண்டும். விறகும் அடுப்புக்கு மேலே பரணில் ஏறும். அந்த மாதங்களில் வீடு நெருக்கடியாகத் தெரிவது யாருடைய சோம்பலாலும் அல்ல. மழைக்கால வீட்டைக் கோடைக்கால வீட்டோடு ஒப்பிடுவது அநியாயம்.

வீட்டைத் துப்புரவாக்கப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பழைய வழக்கம் உண்டு. மலையாளக் கர்க்கடக மாதம் பிறக்கும் சங்கிராந்தியன்று வீட்டைப் பெருக்கி, தேய்ந்த துடைப்பத்தையும் பழையவற்றையும் வெளியே போட்டு, மூதேவியான சேட்டையை விரட்டி, திருமகளை உள்ளே அழைப்பார்கள். தமிழர் வீடுகளில் போகியன்றும் பழையன கழிகின்றன. பெரிய துப்புரவுக்கென்று ஆண்டில் ஒரு நாள் இருப்பதால், மற்ற நாட்களில் வீடு கொஞ்சம் கலைந்திருக்க உரிமை கிடைக்கிறது.

ஒன்றில் மட்டும் தளர்வு கூடாது: குடும்பத்தின் தாள்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. அந்த இழப்பை எந்த அடுக்கலும் தடுத்திருக்காது. ஆனால் மழைக்காலத்தில் நிவாரண முகாமுக்குப் போகச் சொன்னால் உடனே கிளம்ப வேண்டியவர்களுக்கு ரேஷன் அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்துச்சீட்டு எல்லாம் ஒரே பையில், நீர் புகாத உறையில், எல்லோரும் அறிந்த இடத்தில் இருப்பது பெரும் துணை.

எல்லோரும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மா ஒருத்திக்கு மட்டுமே இடம் தெரிந்த வீடு, அவள் காய்ச்சலில் படுத்தால் அன்றே குலைந்துவிடும். பாய் சுருட்டுவது மகனுக்கும், விறகு அடுக்குவது அப்பாவுக்கும், பாத்திரம் கவிழ்ப்பது மகளுக்கும் என்று வேலை பிரிய வேண்டும். அவர்கள் கோணலாக அடுக்கினால் அப்படியே விட்டுவிடுங்கள். பின்னாலேயே போய்த் திருத்தினால் நாளை அந்த வேலை மறுபடி அம்மாவிடமே வந்து சேரும்.