தேவதாய் தேடிச்சென்ற வீடு



யூலை 2ஆம் திகதி என்றதும் நம் நினைவில் நிற்பது மருதமடுத் திருப்பதி. அந்நாள், தேவதாய் எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாளாகத் திருச்சபை நெடுங்காலம் கொண்டாடிய நாள். 1969ஆம் ஆண்டு வழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோது அத்திருநாள் மே 31க்கு மாறியது. மடுவிலோ யூலை 2 நிலைத்துவிட்டது. ஆகவே அன்று மடுவுக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும், வீடு தேடிச் சென்ற ஒரு பெண்ணின் பயணத்தையே நினைவுகூருகிறது. நாம் மாதாவைத் தேடிப் போகிறோம். மாதா யாரைத் தேடிப் போனாள்?

லூக்கா நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மலடி என்ற பழிச்சொல்லைச் சுமந்தே முதுமை அடைந்தவள் எலிசபெத்து. கருவுற்ற பின்னும் ஐந்து மாதம் பிறர் கண்ணில் படாமல் இருந்தாள். கணவர் செக்கரியாவோ பேச்சிழந்திருந்தார். அந்த வீட்டில் உணவுக்குக் குறை இருந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. அங்கே குறைந்திருந்தது மனிதக் குரல். நாசரேத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து வந்த மரியாள், அந்த மௌனத்துக்குள் நுழைந்து செய்த முதற் காரியம் வாழ்த்துரைத்ததே. அந்தக் குரல் காதில் விழுந்ததும் வயிற்றிலிருந்த குழந்தை மகிழ்ந்து துள்ளியது.

இன்னுமொன்றைக் கவனியுங்கள். வானதூதர் மங்களச் செய்தி சொன்ன நாசரேத்து வீட்டில் மரியாள் பாடியதாக நாம் வாசிப்பதில்லை. அவளுடைய புகழ்ப்பாடல் பிறந்தது எலிசபெத்தின் வீட்டில். சேவை செய்யச் சென்ற இடத்தில்தான் அவளுடைய மகிழ்ச்சி வாய் திறந்தது. பாடிவிட்டு அவள் உடனே திரும்பவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் அங்கேயே தங்கினாள்.

தங்குவதன் அருமையைப் புனித வின்சன்ட் டி போல் நன்கு அறிந்திருந்தார். 1617ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் சாத்தியோன் என்ற ஊரில், நோயுற்ற ஒரு குடும்பத்தின் நிலையை அவர் பூசையில் எடுத்துச் சொன்னார். அன்றே பெண்கள் பலர் உணவோடு அந்த வீட்டுக்குச் சென்றனர். ஒரே நாளில் உணவு குவிந்தால் மறுநாளைக்கு என்ன செய்வது என்று எண்ணிய அவர், அப்பெண்களை ஒரு சபையாக்கி ஒழுங்கும் வகுத்தார். நோயாளரிடம் முகமலர்ச்சியோடு செல்ல வேண்டும். துணையுள்ளவரை முதலில் பார்க்க வேண்டும். யாருமற்றவரைக் கடைசியில் பார்க்க வேண்டும். ஏன் கடைசியில்? அடுத்த வீட்டுக்கு ஓடும் அவசரமின்றி அவரோடு கூடுதலான நேரம் இருக்கலாம் அல்லவா!

1921 செப்டெம்பர் 7இல் டப்ளின் நகரில் தொடங்கிய மரியாயின் சேனையின் முதற் பணியும் இதுவே. அதன் உறுப்பினர் இருவர் இருவராகச் சென்று, ஏழைகளுக்கான மருத்துவமனையில் கிடந்த பெண்களைச் சந்தித்தார்கள்.

நம் பங்குகளில் இன்று எலிசபெத்துகள் இல்லையா? 2009இல் போர் முடிந்தது. ஆயினும் கணவனுக்கு, மகனுக்கு என்ன நேர்ந்தது என்று அறியாமலே படலையைப் பார்த்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் யாவரும் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் ஒரு விளக்கோடு இருக்கும் ஆச்சிமார் இருக்கிறார்கள். கைம்பெண் என்பதால் நல்ல காரியங்களுக்கு அழைக்கப்படாமல், கோவிலிலும் கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்போர் இருக்கிறார்கள். நத்தாருக்கு உலர் உணவுப் பொதியைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால் நம் கடமை முடிந்ததா? பொதி பசியைத் தீர்க்கும். தனிமையைத் தீர்க்க ஓர் ஆள் வேண்டும்.

இருவராகச் செல்லுங்கள். அக்கா என்றோ ஆச்சி என்றோ உறவு சொல்லி அழையுங்கள். வெளிநாட்டுக் காசு வருகிறதா என்று கேளாதீர்கள்; அவர் சொல்ல விரும்புவதைக் கேளுங்கள். கேட்டதை வெளியே கொண்டு செல்லாதீர்கள். படுக்கையில் இருப்பவருக்குத் தலைவாரி விடுங்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு உடுப்புத் துவைத்துக் கொடுங்கள். சேர்ந்து செபமாலையில் ஒரு பத்து மணியாவது சொல்லுங்கள். அவர் தரும் தேநீரை மறுக்காதீர்கள். கொடுப்பதில் அவருக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு. முதல் நாள் பேச்சு வராது, சங்கடமாகவே இருக்கும். மூன்றாம் முறை செல்லும்போது உங்கள் காலடி ஓசையை அவர் இனங்கண்டுகொள்வார். அந்த முகம் மலர்வதைக் காணும்போது, மரியாள் ஏன் அங்கே பாடினாள் என்பது உங்களுக்கு விளங்கும்.

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு கணம் நின்று, வழக்கமாக வருபவர்களில் இன்று வராதவர் யார் என்று பாருங்கள். வீடு திரும்புமுன் அவருடைய படலையைத் திறவுங்கள். வாழ்த்துச் சொல்லி அந்த வீட்டினுள் நுழைந்த அன்னை, நம்மோடும் கூட வருவாளாக!