பருந்தின் காயமும் பௌத்தர் கடமையும்



கருணை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன புறாவும் மானும் பசுங்கன்றுமே. கூரிய அலகும் வளைந்த நகமும் உடைய பருந்தை நினைப்பார் அரியர். அடிபட்ட பருந்தொன்று நம் காலடியில் வீழ்ந்து கிடக்குமாயின், நாள்தோறும் மைத்திரி பாவனை செய்யும் நாம் அதனை எடுத்துக் காப்போமா, கடந்து செல்வோமா? இன்று நாம் சிந்திக்க வேண்டுவது இதுவே.

தில்லி மாநகரின் வானத்தில் கரும்பருந்துகள் மிகுதி. ஊரார் எறியும் கழிவையும் இறைச்சிக் கடைகளின் எச்சத்தையும் உண்டு, அவை அந்நகரின் துப்புரவுக்குத் துணை செய்கின்றன. அந்நகரத்தார் ஆகஸ்டு 15ஆம் நாள் சுதந்திரத் திருநாளை ஒட்டிக் காற்றாடி விடுவது வழக்கம். பிறர் நூலை அறுக்கும்பொருட்டுக் கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலைப் பயன்படுத்துகின்றனர். அந்நூல் பறக்கும் பருந்தின் சிறகில் சுற்றிக்கொண்டால், விடுபட வேண்டி அது உதறுந்தோறும் தோலை அறுத்து, தசைநாரை அறுத்து, எலும்பு வரை செல்லும். அறுந்த நூல் மரக்கிளைகளில் தங்கி, திருநாள் கழிந்த பின்னும் பறவைகளை வீழ்த்தும்.

2003ஆம் ஆண்டில் அந்நகரைச் சேர்ந்த நதீம் ஷெஹ்ஸாத், முகம்மது சௌத் என்னும் உடன்பிறந்தார் இருவர் காயமுற்ற பருந்தொன்றை ஒரு பறவை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். அது ஊனுண்ணும் பறவை என்று காரணங்கூறி ஆங்கு ஏற்க மறுத்துவிட்டனர். அம்மறுப்பே அவர்களது அறப்பணிக்கு வித்தாயிற்று. அவர்கள் தாமே மருத்துவம் செய்யக் கற்று, 2010இல் ஓர் அமைப்பையும் நிறுவி, வஜீராபாத்தில் ஒரு நிலவறையில் தம் சிறு தொழிலையும் நடத்திக்கொண்டே ஆயிரக்கணக்கான பருந்துகளுக்குச் சிகிச்சை செய்தனர். அவர்தம் தொண்டைக் காட்டும் 'ஆல் தட் பிரீத்ஸ்' என்னும் படம் 2022இல் சன்டான்ஸ் விழாவில் பரிசு பெற்றது. அவர்கள் முஸ்லிம்கள். பருந்துக்கு ஊனிடுதல் புண்ணியம் என்பது பழைய தில்லி முஸ்லிம் மக்களிடை நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை.

அன்பர்களே! உண்ணும் உணவைக் காரணங்காட்டிக் கதவடைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் எதை உண்டனர் என்று கேட்டே கிணற்றையும் தெருவையும் அவர்களுக்கு அடைத்தனர். ஊரின் கழிவை அகற்றியவரை ஊருக்கு வெளியே நிறுத்தினர். வெள்ளையர் ஆட்சிக் காலத்துப் பறவை நூல்களில் இக்கரும்பருந்துக்கு வழங்கிய பெயர் யாது? 'பறையா கைட்' என்பது. தமிழ் மக்களுள் ஒரு பெருங்குடியின் பெயரை இழிசொல்லாக்கி, கழிவுண்ணும் பறவைக்குச் சூட்டினர். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டித அயோத்திதாசர் அப்பெயரை மறுத்து, நாம் பூர்வ பௌத்தர் என்று எடுத்துரைத்தார். நம்மேல் எறியப்பட்ட இழிவை நாம் களைந்தோம். அதே இழிவைச் சுமந்த பறவை குருதி வடியக் கிடக்கையில் நாம் முகம் திருப்பிக்கொள்ளலாமோ?

சுத்த நிபாதம் என்னும் நூலில் வசல சுத்தம், ஆமகந்த சுத்தம் என இரு சுத்தங்கள் உள்ளன. பிறப்பினால் ஒருவன் இழிந்தவன் ஆகான், செய்கையினாலேயே ஆவான் என்பது முன்னதன் கருத்து. தீநாற்றம் என்பது ஊனுண்பதில் இல்லை, கொலையிலும் களவிலும் வஞ்சனையிலும் செருக்கிலுமே உள்ளது என்பது பின்னதன் கருத்து. பிறப்பும் உணவும் உயிரின் தகுதியை அளக்கும் கோல்கள் அல்ல என்பதற்கு இவ்விரண்டும் போதுமான சான்றுகளாம்.

ஆயினும் ஓர் ஐயம் எழும். பருந்தைப் பிழைப்பித்தால் அது நாளை எலியையும் குஞ்சையும் கொல்லுமன்றோ? அதற்கு ஊனிட்டால் பஞ்சசீலத்தின் முதற் சீலம் கெடாதோ? இது புறந்தள்ளத்தக்க ஐயமன்று. சீலம் மனிதன் அறிந்து ஏற்கும் விரதம். பருந்துக்கு அத்தெரிவு இல்லை. பசிக்கு இரை தேடுதல் அதன் இயல்பேயன்றிக் குற்றமன்று. கருமம் என்பது எண்ணத்தைப் பொருந்தியது என்பது ததாகதர் போதனை. ஊனின்றி உயிர் தரியாத நோயாளிக்கு, கடைக்காரர் கழித்த துண்டை இடுபவன் எண்ணத்தில் கொலையில்லை. காப்பதே அவன் கருத்து. உலகில் உயிரை உயிர் உண்ணும் துக்கத்தை நாம் ஒழிக்கவியலாது. மாஞ்சா நூலோ இயற்கையன்று. அது நம் விளையாட்டினால் நாம் சேர்த்த துக்கம். சேர்த்தவரே அதனைத் தீர்க்கவும் கடமைப்பட்டவர்.

வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவை ஏனைய பிக்குகள் கவனியாது விட்டபோது, பகவான் ஆனந்தரோடு சேர்ந்து தம் கையாலேயே அவரைக் கழுவிப் படுக்கையில் கிடத்தினார் என்று விநயம் கூறும். கருணை நாவோடு நில்லாது கைக்கு வரவேண்டும் என்பதே அதன் பொருள். பருந்தைப் பேணுவோர் கை அதன் நகத்தால் கீறப்படும். அது நன்றி காட்டாது, சிறகு கூடிய அன்றே திரும்பியும் பாராது பறந்துவிடும். கைம்மாறு கருதாத் தானத்திற்கு இதனினும் சிறந்த பயிற்சி யாது?

நாம் செய்யத்தக்கவை சில உள. நம் பிள்ளைகள் கையில் மாஞ்சா நூல் இல்லாதபடி காத்தல் முதலாவது. செயற்கை இழை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடெங்கும் தடை செய்தது. மரங்களில் தொங்கும் நூலை அகற்றுதல் இரண்டாவது. அடிபட்ட பருந்தைக் கண்டால், துணியால் மூடி மெல்ல எடுத்து, காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைக்கவேண்டும். காயத்துள் பதிந்த நூலை இழுத்தலும், வாயில் நீர் ஊற்றுதலும் கூடா. தாமதமின்றி வனத்துறையிடமோ பறவை மருத்துவரிடமோ ஒப்படைக்கவேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதனை வீட்டில் வளர்த்தல் குற்றமாகும். வானமே அதன் இல்லம்.

மைத்திரி பாவனையில் எல்லா உயிர்களும் என்கின்றோம். அச்சொல்லில் பருந்தை விலக்கி ஓர் எல்லை வகுப்போமாயின், நம்மை விலக்கி முன்னர் எல்லை வகுத்தோர்க்கு நாம் கூறத்தக்க மறுமொழி யாதுமில்லை. ஆதலின், அன்பர்களே, அவ்வெல்லையை அழிப்போமாக!