சோதனைக்கூடத்தில் மட்டும் நல்லவன்

விருந்தினர் வருகிறார் என்று தெரிந்தால் நாம் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறோம். கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே வைக்கிறோம். அதனைப் பொய் என்று எவரும் சொல்வதில்லை. அப்படியாயின், சோதனை நடக்கும் வேளையில் மட்டும் தூய புகைவிடும் காரைச் செய்தவர்களை நாம் ஏன் பொய்யர் என்கிறோம்? கேள்வி எளிது, விடை அத்துணை எளிதன்று.

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சட்டத்தை மீறியதாக அறிவித்தது. அதன் டீசல் கார்களின் கணினிக்குள் ஒரு நிரல் மறைந்திருந்தது. சோதனைக்கூடத்தில் கார் உருளைகளின்மேல் நின்றபடியே ஓடும். சக்கரங்கள் சுழலும், ஸ்டியரிங் திரும்பாது. ஸ்டியரிங்கின் நிலை, வேகம், எஞ்சின் ஓடும் நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு, தான் சோதிக்கப்படுவதை அந்நிரல் அறிந்துகொள்ளும். உடனே மாசுக்கட்டுப்பாடு முழுமையாக இயங்கும். சாலைக்கு வந்ததும் அது தளர்ந்துவிடும். நைட்ரஜன் ஆக்சைடுகள் சட்டம் அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை வெளியேறும். உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்களில் இத்தகைய நிரல் இருந்ததாக நிறுவனமே பின்னர்க் கூறியது.

இதனை வெளிக்கொணர்ந்தவர்கள் குற்றம் தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர் என்பது வியப்புக்குரியது. அமெரிக்காவில் விற்கப்படும் டீசல் கார்கள் தூய்மையானவை என்று ஐரோப்பாவுக்கு எடுத்துக்காட்டலாம் என்ற நம்பிக்கையில் தொடங்கிய ஆய்வு அது. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் அளவுக்கருவிகளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் சாலைகளில் ஓட்டினார்கள். ஒரு காரைச் சியாட்டில் நகர் வரையிலும் கொண்டு சென்றார்கள். 2014இல் முடிவுகள் வெளிவந்தன. அதன் பின்னரும் நிறுவனம் ஓராண்டுக்கு மேலாகத் தொழில்நுட்பக் காரணங்களையே சொல்லிக்கொண்டிருந்தது.

மீண்டும் நம் விருந்தினரிடம் வருவோம். நம் வீடு எந்நாளும் இப்படியே இருக்கும் என்று அவருக்கு நாம் உறுதி கூறுவதில்லை. அவரும் அதை நம்பி எதையும் பணயம் வைப்பதில்லை. சோதனையோ அத்தகையதன்று. சில நிமிட ஓட்டம் பல்லாண்டு ஓட்டத்துக்குச் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை நம்பியே அரசு சான்றளிக்கிறது, மக்கள் வாங்குகிறார்கள். காற்றைக் கெடுக்கக்கூடாது என்றே மிகுந்த விலை கொடுத்து அக்காரை வாங்கியவர்களும் உண்டு. அவர்களுடைய நல்லெண்ணமே மாசுக்குக் கருவியாயிற்று. காரே வாங்காத குழந்தையும் முதியவரும் அக்காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

இன்னொன்றும் நம்மை உறுத்துகிறது. தெரியாமல் செய்தவன் சோதனையிலும் தவறியிருப்பான். சோதனை வேளையை இனங்காணக் கட்டளை எழுதியவனுக்கு எது சரி என்பது தெரியும். அதைச் செய்யவும் முடியும் என்பதை அந்தக் காரே நாள்தோறும் மெய்ப்பித்தது. மனச்சான்று அங்கே உறங்கவில்லை, தேர்வு நேரத்திற்கு மட்டும் பணிக்கு அமர்த்தப்பட்டிருந்தது.

பெரிய நிறுவனங்களில் பாவம் சிறு துண்டுகளாகப் பங்கிடப்படுகிறது. ஒருவர் இலக்கு வைக்கிறார், ஒருவர் நிரல் எழுதுகிறார், ஒருவர் கையொப்பமிடுகிறார். தன் துண்டை மட்டும் பார்ப்பவருக்கு அது ஒரு நாள் வேலையாகவே தெரியும். ஆனால் முழுவதையும் சுவாசிப்பவருக்கு அது துண்டாக வருவதில்லையே! தலைமைச் செயல் அதிகாரி மார்ட்டின் விண்டர்கோர்ன், தாம் தவறு செய்ததாக அறியவில்லை என்று கூறியே 2015 செப்டம்பர் 23இல் பதவி விலகினார். 2017 ஜனவரியில் நிறுவனம் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும், 280 கோடி டாலர் குற்றவியல் அபராதம் செலுத்தவும் இசைந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளர் டெட்ராயிட் நீதிமன்றத்தில் நின்றார். சதியைத் தீட்டிய தலைவர் அவர் அல்லர், விசாரணைக்கு ஒத்துழைத்தவரும்கூட. நிறுவனத்தின்மீது கொண்ட பற்றே அவரை வழிதவறச் செய்தது என அவர் தரப்பில் வாதிடப்பட்டது. அரசுத் தரப்பு கேட்டது மூன்று ஆண்டுச் சிறை. நீதிபதி விதித்தது 40 மாதங்கள்.