குடத்துள் புகாத ஓலை

வரி எவ்வளவு, அதனால் ஊருக்கு ஆகும் பணி யாது என்று ஊரார் கூடிப் பேசுவது நன்று. இதனை மறுப்பார் இல்லை. ஆயின் அக்கூட்டத்திற்கு ஆளை எவ்வாறு சேர்ப்பது?

உத்திரமேரூர்க் கல்வெட்டு 10ஆம் நூற்றாண்டின் குடவோலை முறையை விளக்குகிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். நடுநிலை பிறழாத முறைதான். எனினும் பிற தகுதிகளோடு, பொதுவாகக் கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவர் பெயரே குடத்துள் புகுந்தது. நிலமற்றவர் குலுக்கலுக்கு முன்பே விலக்கப்பட்டனர்.

இன்று, 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, ஊரின் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர். சட்டம் எவரையும் விலக்கவில்லை, நாம் விலக்குகிறோம். வீட்டு வரி, குடிநீர், தெருவிளக்கு பற்றிய பேச்சு பகல் பதினொரு மணிக்கு நடந்தால், அன்றாடக் கூலியை விட்டு நாற்று நடும் பெண் எவ்வாறு வருவாள்? வரி கட்டாதவளுக்கு அங்கே என்ன வேலை என்பாரும் உளர். அவள் சோப்பு வாங்கும்போதே வரி செலுத்திவிடுகிறாள். குழாய் வற்றினால் தொலைவிலிருந்து நீர் சுமப்பவளும் அவளே.

அயர்லாந்து நாட்டில் 2016ஆம் ஆண்டு, அரசமைப்பு பற்றிய வினாக்களை ஆராய அமைந்த மக்கள் மன்றத்திற்கு 99 குடிமக்களை வீடுவீடாகச் சென்று தேடிச் சேர்த்தனர். நம் ஊர்களிலோ அறிவிப்பு ஒட்டியதோடு கடமை முடிந்ததென்று எண்ணிவிடுகிறோம்.

வராதவர் அக்கறையற்றவர் என்று தீர்ப்பிடுமுன், அவர் வாசல்வரை சென்றோமா, அவருக்கு இயலும் நேரத்தைக் கேட்டோமா என்று நம்மையே வினவுவோமாக.